துணி மூட்டை வேண்டாம், டீச்சர் சம்பளம் வேண்டும்

தான்சானியாவுக்கு ஒரு கன்டெய்னர் அனுப்பலாம் என்று எங்கள் அன்பியத்தில், அதாவது பங்குக் கோயிலைச் சேர்ந்த பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடுகிற குழுவில், பேச்சு கிளம்பியிருக்கிறது. பழைய துணி, ஸ்கூல் பேக், பிள்ளைகள் படித்து முடித்த புத்தகம், பாத்திரம், எது கிடைத்தாலும் சேர்த்து அனுப்பிவிடலாம், ராயபுரத்தில் இருந்துகொண்டு, துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்கிறார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். நான் தம்புச் செட்டித் தெருவில், துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் பார்க்கிற ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்ப்பதால் பேப்பர் வேலையை நான் பார்த்துக்கொள்வேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கன்டெய்னர் வேண்டாம். ஏன் வேண்டாம், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே போட்டு வைக்கிறேன். படித்துவிட்டு வாருங்கள், அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த சிஸ்டர் ஒருவர் தெற்குத் தான்சானியாவில், ஒரு பெனடிக்டின் மடத்தை ஒட்டிய பெண்கள் பள்ளியில் பல வருடமாகப் பாடம் நடத்துகிறார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பள்ளியைப் பற்றி, விடுதியைப் பற்றி, மடத்துக்காரர்கள் சுற்றுக் கிராமங்களில் செய்யும் வேலையைப் பற்றிச் சொல்லுவார். கேட்டவர்கள் எல்லாருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது, எனக்கும்தான்.

பெனடிக்டின் துறவிகள் என்றால் நம் ஊரில் ஆசீர்வாதப்பர் என்று சொல்கிறோமே, அவருடைய வழியில் வாழ்பவர்கள். செபமும் உழைப்பும் என்பதுதான் அவர்கள் வாழ்க்கை. தான்சானியாவுக்குப் போனவர்கள், 1884-ல் ஜெர்மனியில் தொடங்கி, சாங்க்ட் ஒட்டிலியன் மடத்தைத் தலைமையாகக் கொண்ட சபைக்காரர்கள். 1898-ல் பெரமிஹோ, 1906-ல் என்டாண்டா என்று தெற்கில் அவர்கள் தொடங்கிய மிஷன்கள் பின்னால் பெரிய மடங்களாக வளர்ந்தன. அப்போது அங்கே ஜெர்மனியின் காலனி ஆட்சி. 1905-ல் மாஜி மாஜி கிளர்ச்சி வெடித்தபோது பெரமிஹோ மிஷன் எரிந்தது, ஆயர் காசியன் ஸ்பிஸ் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க ஜெர்மன் படை ஊர்களையும் தானியத்தையும் கொளுத்தியதில் வந்த பஞ்சத்தில் செத்த மக்களுக்குக் கணக்கு வழக்கே இல்லை. இதையும் சேர்த்துத்தான் அந்த மடங்களின் கதையைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அங்கே இன்னும் வயதானவர்கள் அதை மறக்கவில்லை என்று சிஸ்டர் சொல்வார்.

சரி, இன்றைக்கு நிலைமை வேறு. அந்த மடங்களில் இப்போது இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் பிள்ளைகள். ஹங்கா என்று ஒரு மடம், அது ஆரம்பத்திலிருந்தே ஆப்பிரிக்கத் துறவிகளுக்காகத் தொடங்கியது. இவர்கள் யாரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. பெரமிஹோவில் பெரிய ஆஸ்பத்திரி, அச்சகம், தச்சுப் பட்டறை, தொழிற்பயிற்சி, விவசாயம் எல்லாம் நடக்கிறது. சிப்போலே என்ற இடத்தில் இருக்கிற பெனடிக்டின் சிஸ்டர்கள் ரூவுமா ஆற்றில் துலிலா என்ற இடத்தில் 5 மெகாவாட் நீர்மின் நிலையமே கட்டி, 2015-லிருந்து அரசு மின்வாரியத்துக்குக் கரண்ட் விற்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. கன்னியாஸ்திரிகள் மின்வாரியத்துக்குக் கரண்ட் விற்கிறார்கள்! இப்படிப்பட்டவர்களுக்கு உதவுவது என்றால், அவர்கள் சொந்தக் காலில் நின்று செய்துகொண்டிருக்கிற வேலையில் எங்கே பணம் பற்றவில்லையோ அந்த இடத்தில் தோள் கொடுப்பது. எங்கே பற்றவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது கன்டெய்னர் கதை. நான் தினமும் பார்க்கிற விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பாரிமுனையிலிருந்து கப்பல் நேராக தார் எஸ் சலாம் போய் நிற்காது, பெரும்பாலும் கொழும்பு மாதிரி ஒரு துறைமுகத்தில் மாற்றி ஏற்றுவார்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் எல்லாம் போட வேண்டும். பேக்கிங் லிஸ்ட்டில் 'பழைய சாமான்கள்' என்று ஒரு வரி எழுதி அனுப்ப முடியாது, எத்தனை சட்டை, எத்தனை பாவாடை, எத்தனை கிலோ, என்ன மதிப்பு என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும், தானமாகக் கொடுத்தாலும் மதிப்பு போட்டே ஆக வேண்டும். பழைய துணி என்றால் புகையூட்டிய சான்றிதழ் கேட்பார்கள். அங்கே போய் இறங்கினால் தர்மத்துக்கு வந்த சரக்கு என்று வரிவிலக்கு வாங்க மடத்துக்காரர்கள்தான் ஆபீஸ் ஆபீஸாக ஏற வேண்டும். அந்தப் பேப்பர் வருகிறவரை பெட்டி யார்டில் நிற்கும், இலவச நாள் முடிந்ததும் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஓட ஆரம்பிக்கும், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் கப்பல் கம்பெனி டிடென்ஷன் என்று தனிக் கட்டணம் போடும். இரண்டும் டாலரில். அதற்கப்புறம் தார் எஸ் சலாமிலிருந்து, பெரமிஹோவுக்குப் பக்கத்து டவுனான சொங்கேயா பக்கம் போக லாரியில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். இத்தனையும் தாண்டிப் போய்ச் சேருகிற துணி அந்த ஊர்ச் சந்தையில் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பேல் பேலாக வருகிறது, மிதும்பா என்பார்கள். அந்த வரத்தால் உள்ளூர் நெசவும் தையலும் படுத்துவிட்டது என்றுதான் 2016-ல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து பழைய துணி இறக்குமதியையே படிப்படியாக நிறுத்தலாம் என்று முடிவெடுத்துப் பார்த்தார்கள்.

நான் சிஸ்டரிடமே கேட்டேன். வாட்ஸாப்பில் வாய்ஸ் அனுப்பினார்: "துணியாம்மா? இங்க சந்தையில மலை மாதிரி குவிஞ்சி கெடக்கு. நீங்க அனுப்புறத வெளியில எடுக்குறதுக்கு நாங்க கட்டுற காசுல ஒரு டீச்சருக்கு சம்பளம் குடுத்துடலாம்மா." நான் இந்த ஒரு பதிலை அன்பியத்தில் போட்டுக் காட்டினாலே போதும் என்று நினைக்கிறேன்.

புத்தகமும் அப்படித்தான். தான்சானியாவில் அரசு ஆரம்பப் பள்ளி முழுக்க சுவாஹிலியில், அதற்கு மேலே உயர்நிலைப் பள்ளி முழுக்க ஆங்கிலத்தில். திடீரென்று மொழி மாறுகிற அந்த முதல் வருடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். நம் சமச்சீர் புத்தகம் அங்கே எந்தப் பாடத்திட்டத்துக்கும் பொருந்தாது. பெரமிஹோவும் என்டாண்டாவும் சேர்ந்து பதிப்பகமே நடத்துகிறார்கள், அந்த நாட்டிலேயே அச்சாகிற புத்தகத்தை வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கும் பயன், அச்சகத்துக்கும் வேலை. தையல் மெஷின், மோட்டார் பம்ப் மாதிரிப் பொருள்கூட தார் எஸ் சலாமில் குஜராத்திக் கடைகளில் இந்தியச் சரக்காகவே கிடைக்கிறது, ரிப்பேர் வந்தால் பார்க்க ஆளும் அங்கே இருக்கிறது. இங்கிருந்து வாங்கி அனுப்புவதில் ஒரு அர்த்தமும் இல்லை.

அப்படியென்றால் என்னதான் வேண்டும்? பணம்தான். அதிலும் எதற்கு, எந்த மாதத்தில் என்பது முக்கியம்.

தான்சானியாவில் 2016-லிருந்து அரசுப் பள்ளிகளில் நான்காம் படிவம், அதாவது உயர்நிலைப் பள்ளியின் நான்காம் வருடம் வரை கட்டணம் கிடையாது. நல்ல விஷயம். ஆனால் கிராமத்தில் உயர்நிலைப் பள்ளி எட்டாத தூரத்தில் இருக்கும், பெண் பிள்ளை இருட்டில் நடந்து போய் வர வேண்டும், அதனால் விடுதி உள்ள பள்ளியைத் தேடுகிறார்கள். மடங்களும் சிஸ்டர்களும் நடத்துகிற பள்ளிகள் கட்டணம் வாங்கித்தான் ஓட வேண்டும், டீச்சர் சம்பளம் அதிலிருந்துதான். 1970-ஐ ஒட்டி அந்த நாட்டின் முதல் அதிபர் நியெரெரேயின் அரசாங்கம் மிஷன் பள்ளிகளை அரசுடைமை ஆக்கியது, அதன் பிறகு இத்தனை வருடத்தில் மறுபடி ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பியதுதான் இப்போது இருக்கிற பள்ளிகளில் பல.

அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். தெற்குப் பகுதியில் மழை நவம்பர் வாக்கில் ஆரம்பித்து ஏப்ரல் வரை, மக்காச்சோளம் அறுப்பு மே, ஜூனில். அதாவது வீட்டில் தானியம் தீர்ந்து, கையில் காசே இல்லாத ஜனவரியில்தான் பிள்ளையைச் சேர்க்கப் பணம் கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குக் காசிமேடுதான் ஞாபகம் வந்தது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் போட் கடலுக்குப் போகாது, அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கும், ஃபீஸ், யூனிஃபார்ம், நோட்டு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அப்போது நம் வீடுகளில் நகை எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே அடகு வைக்கவும் நகை இல்லை. பிள்ளை ஒரு வருடம் வீட்டில் நிற்கும். பெண் பிள்ளை ஒரு வருடம் நின்றால் பெரும்பாலும் கல்யாணத்தில் போய் முடிகிறது.

சிஸ்டர் பள்ளியில் ஒரு வழக்கம் இருக்கிறது. பணம் இல்லாத வீட்டுக்காரர்கள் அறுப்பு முடிந்ததும் மக்காச்சோளமாகக் கொண்டுவந்து கொடுக்கலாம். டெபே என்று ஒரு அளவு, 20 லிட்டர் தகர டின். அப்பாவோ அம்மாவோ சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார்கள். அலுவலக வாசலில் ஒரு டின் இருக்கும், அதில் கொட்டித் தலை தட்டி அளந்து, பிள்ளையின் பெயருக்கு நேராக நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த மக்காச்சோளம் மடத்து மில்லில் அரைத்து வந்து, விடுதிக் கொப்பரையில் உகாலியாகும். நம் களி மாதிரி கெட்டியாக, துடுப்பு அளவுக்கு இருக்கிற மரக்கரண்டியால் இரண்டு பேர் நின்று கிண்ட வேண்டும், தொட்டுக்கொள்ள அவித்த பீன்ஸ். நோட்டில் சில பெயர்களுக்கு நேராக எதுவுமே இருக்காது. அந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்ப மனசு வராமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் போடுகிற பணம் அந்த வெற்றுக் கட்டங்களுக்குத்தான்.

சாப்பாடு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்ணாரப்பேட்டையில் தன் பெயரில் கல்லூரி இருக்கிற தியாகராயச் செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகாமல் சிற்றுண்டி போடத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மதிய உணவு என்று இன்று நாம் பெருமையாகச் சொல்வது அங்கேதான் தொடங்கியது. ஒரு அணா. ஆனால் தினமும்.

தினமும் என்கிற இந்த இடத்தில்தான் நான் சண்டை போடத் தயாராக இருக்கிறேன். ஒரே தடவை பெரிதாகக் கொடுத்து, கட்டிடத்தில் 'ராயபுரம் அன்பிய மக்கள் அன்பளிப்பு' என்று பலகை மாட்டி, போட்டோ வாங்கி மாட்டிக்கொள்வது எல்லாருக்கும் பிடிக்கும். கட்டிடம் கட்டக் காசு கொடுக்க ஆள் கிடைத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டிடத்துக்குள் நின்று கணக்கும் இயற்பியலும் சொல்லித்தருகிற டீச்சருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் அவர் டவுனுக்குப் போய்விடுவார், அவருக்கும் குடும்பம் இருக்கிறதே. விருதுநகரில் காமராஜர் படித்த பள்ளியைப் பிடியரிசியிலும், வியாபாரிகள் எடுத்துவைத்த மகமையிலும்தான் நடத்தினார்கள், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து. நம் ராயப்பர் கோயிலையே படகுக்காரர்கள் தங்கள் கூலியில் எடுத்துவைத்த காசில் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நமக்குத் தெரிந்த வழி இது. வருடா வருடம், நிற்காமல், எதற்கு என்று அவர்களே முடிவு பண்ணிக்கொள்ளும்படி கொடுப்போம்.

இனி எப்படி அனுப்புவது. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாரிடமும் வசூல் பண்ணி ஒருவர் கணக்கில் போட்டு அவர் அனுப்பிவிடட்டும் என்று சொல்கிறார்கள், அது கூடாது. இந்தியாவில் இருக்கிற ஒரு தனிநபர், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், வெளிநாட்டுத் தர்ம நிறுவனங்களுக்கான நன்கொடையும் அதில் அடங்கும். வங்கியில் ஏ2 படிவம் கொடுக்க வேண்டும், பான் எண் வேண்டும். அந்தப் படிவத்தில் 'இது என் சொந்தப் பணம்' என்று கையெழுத்துப் போடுகிறோம். பத்து வீட்டுப் பணத்தை வைத்துக்கொண்டு அப்படிக் கையெழுத்துப் போடக் கூடாது. வருடத்துக்கு 10 லட்ச ரூபாய்க்குக் கீழே டிசிஎஸ் என்று வங்கி முன்கூட்டியே பிடிக்கிற வரி கிடையாது, நம்மில் யாரும் அந்த அளவுக்குப் போகப்போவதில்லை. நேராக வெளிநாட்டுக்குப் போகிற நன்கொடைக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது, அதை எதிர்பார்த்து யாரும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, வங்கி கமிஷன், நடுவில் இருக்கிற வங்கியின் பிடித்தம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தால் ஐந்நூறு ரூபாய் அனுப்ப அதைவிட அதிகமாகச் செலவாகும். அதனால் கொஞ்சம் வசதியாகக் கொடுக்கக்கூடியவர்கள் மட்டும் அவரவர் கணக்கிலிருந்து, வருடத்துக்கு ஒரே தடவை, நவம்பர் கடைசிக்குள் அனுப்புவது நல்லது. ஜனவரி சேர்க்கைக்கு அது கையில் இருக்கும்.

சின்னத் தொகை கொடுக்கிறவர்களுக்கு வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. அக்டோபரில் கடைசிக்கு முந்தின ஞாயிறு உலக மறைபரப்பு ஞாயிறு, 1926-ல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் ஏற்படுத்தியது. அன்றைக்கு உண்டியலில் விழுகிற காசு உலகம் முழுக்க ஒன்றாகச் சேர்ந்து ஆப்பிரிக்கா, ஆசியா போன்ற இடங்களின் மறைமாவட்டங்களுக்குப் போகிறது. நாம் அன்றைக்கும் வழக்கமான பத்து ரூபாயைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அந்த ஒரு ஞாயிறு மட்டும் யோசித்துப் போடுங்கள். பூசைக் கருத்தும், அதாவது இன்னாருக்காக என்று காணிக்கை கொடுத்து எழுதிவைக்கிற பூசையும், அப்படித்தான். இறந்தவர்களுக்காக நம் கோயிலில் பூசை எழுதினால் நாள் கிடைப்பதில்லை. அந்தக் கருத்துகளை மடத்துச் சாமியார்கள் அங்கே நிறைவேற்றலாம், காணிக்கையும் அவர்களுக்குச் சேரும், ஏழை மடங்களுக்கு அது பெரிய ஆதரவு. எப்படி அனுப்புவது என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு, மறைமாவட்டத்தின் வழியாகவே செய்யலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த வழி இன்னொன்று. ஆப்பிரிக்காவிலிருந்து சிஸ்டர்களும் பிரதர்களும் பி.எட்., நர்சிங், கணக்கியல் படிக்க இந்தியாவுக்கு வருவதுண்டு. அவர்களுக்கு இங்கே ஆகிற கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு, புத்தகம் எல்லாம் ரூபாயில், இங்கேயே. அன்பியத்தில் சேர்கிற பணத்தை இங்கே இருக்கிற சபை வழியாக அதற்குக் கொடுத்தால் டாலரும் வேண்டாம், ஏ2-வும் வேண்டாம். படித்து முடித்துப் போகிற சிஸ்டர் முப்பது வருடம் அந்தப் பள்ளியில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது கூப்பிட்டு ஒரு வாய் மீன் குழம்புச் சோறும் போடலாம், தனியாக வந்து இருக்கிற பிள்ளைகளுக்கு அதுவும் பெரிய விஷயம்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து சாமியார் எழுதுகிறேன், அநாதைப் பிள்ளைகள் பட்டினி என்று மெயில், வாட்ஸாப் வருகிறது. மடத்தின் பேரில் இல்லாமல் தனிநபர் பேரில் கணக்கு எண் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உண்மையான மடத்தில் பொருளாளர் இருப்பார், ரசீது தருவார், அவர்கள் சபைத் தலைமையிடம் கேட்டால் உறுதி சொல்வார்கள். இதே ஒட்டிலியன் சபைக்குக் கேரளாவில் குமுளியில் மடம் இருக்கிறது, தமிழ்நாட்டு எல்லையிலேயே, சந்தேகம் என்றால் கேட்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சிஸ்டர் இருக்கிற இடத்தின் பெயரை நான் இங்கே போடாததும் இதனால்தான், அந்தப் பெயரை வைத்து யாரும் வசூல் பண்ணிவிடக் கூடாது.

பிள்ளைகளின் போட்டோ கேட்காதீர்கள். என் பிள்ளை ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றபோது எடுத்த படம் எங்கோ ஒரு ஊரில் யாருடைய செல்போனிலோ சுற்றினால் எனக்கு எப்படி இருக்கும்? வியாசர்பாடியில் மந்தோவானி சாமியார் ஏழைகளுக்காக வேலை செய்த காலத்தில் முகம் தெரியாத எத்தனையோ பேர் எங்கிருந்தோ கொடுத்தார்கள், நம் பக்கத்துப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள். கணக்கு கேளுங்கள், அது நியாயம். வருடத்துக்கு ஒரு தாள், எவ்வளவு வந்தது, எதற்குப் போனது. சிஸ்டர் அதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த வருடம் அவர் கேட்டிருப்பது இரண்டே விஷயம். ஒரு கணக்கு டீச்சரின் முழு வருடச் சம்பளம், அப்புறம் நோட்டில் வெற்றுக் கட்டம் இருக்கிற பிள்ளைகளுக்கு மக்காச்சோளம். மக்காச்சோளத்தை ஜூன், ஜூலையில் அறுப்பு முடிகிற கையோடு வாங்கினால் விலை குறைவு, ஜனவரியில் வாங்கினால் ஏறிவிடும், அதனால் அதற்கான பணம் மட்டும் முன்கூட்டியே, மே மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தடைக்காலத்தில் யாரையும் கேட்க முடியாது என்பதால் பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்துவிடலாம் என்று நினைக்கிறேன். யார் நேராக அனுப்புகிறீர்கள், யார் சபை வழியாகக் கொடுக்கிறீர்கள் என்று அடுத்த அன்பியக் கூட்டத்தில் சொல்லுங்கள், ஏ2 படிவம் நிரப்ப நான் கூட வங்கிக்கு வருகிறேன்.